லோ கார்ப் பார்: முன்பக்க எண்ணும் பின்பக்கக் கணக்கும்

மருந்துக் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புதுத் தட்டு வந்திருக்கிறது. பளபளப்பான உறைக்குள் விரல் நீளத்தில் ஒரு கட்டி. உறைமேல் ‘நெட் கார்ப் 4 கிராம்’, ‘சர்க்கரை இல்லை’, ‘புரதம் 15 கிராம்’ என்று பெரிய எழுத்து. சர்க்கரை நோய் உள்ளவர், எடை குறைக்க நினைப்பவர், மாலை நேரப் பசிக்கு பஜ்ஜியைத் தவிர்க்க விரும்புபவர் என்று பலரும் அதை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார்கள். இதைச் சாப்பிடுவதால் பயன் உண்டா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாக்லேட், கேக், பிஸ்கட் ஆகியவற்றுக்குப் பதிலாக எப்போதாவது ஒன்று என்றால் சில பார்கள் பரவாயில்லை. தினசரிச் சிற்றுண்டியாக எதுவும் தகாது. அதைவிட முக்கியமாக, உறையின் முன்பக்கத்தில் இருக்கும் அந்த ‘நெட் கார்ப்’ எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஏன் என்பதை விளக்க, இந்தப் பண்டம் வந்த வழியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்நாக் பார் பிறந்தபோது அது மாவுச்சத்துக்கு எதிரியாக இல்லை. மாவுச்சத்தை ஓடிக்கொண்டே சாப்பிட வைப்பதற்காகத்தான் அது உருவானது. கனடாவைச் சேர்ந்த மாரத்தான் வீரர் பிரையன் மேக்ஸ்வெல் 1986-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘பவர்பார்’, நெடுந்தூரம் ஓடுபவரின் தசைக்கு எரிபொருளாக மாவுச்சத்தைத் தந்தது. அது வேறொரு வழியில் திரும்பியதற்குக் காரணம் நியூயார்க்கின் இதயநோய் மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ். மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பையும் புரதத்தையும் கூட்டச் சொன்ன அவருடைய முதல் நூல் 1972-இல் வந்தது. இரண்டாவது அலை 1990-களில் எழுந்து 2003, 2004-இல் அமெரிக்கா முழுவதையும் பிடித்துக்கொண்டது. ரொட்டியும் உருளைக்கிழங்கும் விலக்கப்பட்ட உணவுமுறையில் நடுவில் கொறிக்க ஏதாவது வேண்டுமே என்ற தேவைக்குப் பிறந்ததுதான் லோ கார்ப் பார். அட்கின்ஸ் 2003-இல் இறந்தார். அலை இறங்கியதும் அவர் தொடங்கிய நிறுவனம் 2005-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. ஆனால் பார் நிலைத்துவிட்டது. பிறகு ‘கீட்டோ’ என்ற புதுப் பெயரோடு அதே சந்தை மறுபடியும் வளர்ந்தது.

‘நெட் கார்ப்’ என்ற கணக்கு அந்த அலையோடு வந்தது. மொத்த மாவுச்சத்திலிருந்து நார்ச்சத்தையும் சர்க்கரை ஆல்கஹால்கள் என்ற இனிப்பூட்டிகளையும் கழித்தால் மிஞ்சுவதுதான் உடலில் சர்க்கரையாக மாறும் என்பது அதன் அடிப்படை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கீரையில் இருக்கும் நார்ச்சத்து செரிக்காமல் வெளியேறுகிறது என்பது உண்மை. ஆனால் இந்தக் கழித்தலுக்குச் சட்டப்படியான வரையறை எதுவும் கிடையாது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ‘நெட் கார்ப்’ என்பதையும் வரையறுக்கவில்லை, ‘லோ கார்ப்’ என்பதையும் வரையறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்த ஊட்டச்சத்துப் பிரகடனங்களின் பட்டியலில் ‘குறைந்த சர்க்கரை’ உண்டு, ‘குறைந்த கொழுப்பு’ உண்டு, ‘குறைந்த மாவுச்சத்து’ இல்லை. அதாவது உறையின் முன்பக்கத்தில் மிகப் பெரிதாக அச்சாகும் எண், தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொண்ட கணக்கு.

அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆரம்ப காலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பார் மிருதுவாக இருப்பதற்காக அதில் கிளிசரின் சேர்ப்பார்கள். ஒரு கிராமுக்குச் சர்க்கரைக்கு நிகரான, உண்மையில் சற்றுக் கூடுதலான கலோரி தரும் பொருள் அது. பல நிறுவனங்கள் அதை மாவுச்சத்துக் கணக்கில் சேர்க்காமலே விட்டன. 2001-இல் கன்ஸ்யூமர்லேப் என்ற அமெரிக்கத் தனியார் பரிசோதனை நிறுவனம் 30 பார்களை ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது 18 பார்கள் லேபிளில் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. சொன்னதைவிட மாவுச்சத்து அதிகமாக இருந்ததுதான் பெரிய குறை. கிளிசரினையும் மாவுச்சத்தாகவே காட்ட வேண்டும் என்று உணவு மருந்து நிர்வாகம் சொன்ன பிறகே லேபிள்கள் திருந்தின.

இப்போது ஒரு பாரைக் கையில் எடுத்துப் பார்ப்போம். எந்த நிறுவனத்தின் பண்டமும் அல்ல. கடைகளில் கிடைக்கும் வகைக்கு ஒத்த ஒரு மாதிரிக் கணக்கு. எடை 60 கிராம். புரதம் 15 கிராம், கொழுப்பு 9 கிராம், மொத்த மாவுச்சத்து 25 கிராம். அந்த 25-க்குள் நார்ச்சத்து 9, மால்டிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் 12. இரண்டையும் கழித்தால் 4. அதனால்தான் முன்பக்கத்தில் ‘நெட் கார்ப் 4 கிராம்’.

சிக்கல் அந்த 12-இல் இருக்கிறது. மால்டிட்டால் பாதி அளவுக்காவது செரிக்கும். இரத்தச் சர்க்கரையை ஒரு பொருள் எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு குளுக்கோசுக்கு 100, நம் வெள்ளைச் சர்க்கரைக்கு 65 என்றால் மால்டிட்டாலுக்குச் சுமார் 35. பாகு வடிவில் சேர்த்தால் 50-ஐயும் தாண்டும். எனவே சர்க்கரை நோய்க்கான உணவு ஆலோசகர்கள் சர்க்கரை ஆல்கஹாலை முழுக்கக் கழிக்கச் சொல்வதில்லை. பாதியைத்தான் கழிக்கச் சொல்கிறார்கள். அப்படிக் கழித்தால் நம் மாதிரி பாரில் 4 கிராம் இருந்த இடத்தில் 10 கிராம் வந்துவிடுகிறது. இன்சுலின் அளவை மாவுச்சத்துக் கணக்குப் பார்த்துப் போட்டுக்கொள்பவருக்கு இந்த 6 கிராம் வித்தியாசம் சின்ன விஷயம் அல்ல. கலோரியைக் கூட்டினால் பார் ஒன்றுக்குச் சுமார் 200 வருகிறது. சாதாரண சாக்லேட் பாரில் இருப்பதைவிட இது பெரிதாகக் குறைவு என்று சொல்ல முடியாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்க லேபிளில் ‘மொத்த மாவுச்சத்து’ என்றால் நார்ச்சத்தும் அதற்குள் அடக்கம். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் நார்ச்சத்தைத் தனி வரியில் காட்டுவார்கள். மாவுச்சத்து வரியில் அது ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்கும். இதே பாருக்கு அங்கே மாவுச்சத்து 16, நார்ச்சத்து 9 என்று இருக்கும். இணையத்தில் படித்த அமெரிக்கக் கழித்தலை அந்த லேபிளில் போட்டுப் பார்த்தால் விடை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கும். வெளிநாட்டிலிருந்து உறவினர்கள் வாங்கி வரும் பார்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டு லேபிள் என்று முதலில் பார்ப்பது நல்லது.

நார்ச்சத்து என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே குணமுடையதும் அல்ல. காய்கறியிலும் பயறிலும் இயல்பாக இருக்கும் நார்ச்சத்து ஒரு வகை. தொழிற்சாலையில் பிரித்தெடுத்தோ தயாரித்தோ சேர்ப்பது வேறு வகை. பல ஆண்டுகள் லோ கார்ப் பார்களின் தாங்குதூணாக இருந்தது ஐஎம்ஓ என்று சுருக்கி அழைக்கப்படும் ஐசோமால்டோ ஒலிகோசாக்கரைடு. மாவுப் பொருளிலிருந்து நொதிகளால் உருவாக்கும் இனிப்பான பாகு இது. லேபிளில் இதை நார்ச்சத்து என்று எழுதினார்கள். சோதித்துப் பார்த்தபோது அதில் ஒரு பங்கு குடலில் செரித்து இரத்தச் சர்க்கரையை ஏற்றுவது தெரியவந்தது. 2016-இல் அமெரிக்கா லேபிள் விதிகளை மாற்றியது. சேர்க்கப்படும் நார்ச்சத்து உடலுக்கு நன்மை தருவதாக நிரூபித்தால்தான் அந்தப் பெயரில் எழுதலாம் என்றது. 2018-இல் ஏற்கப்பட்ட கூடுதல் பட்டியலில் சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இன்யூலின், பாலிடெக்ஸ்ட்ரோஸ் போன்றவை இடம்பெற்றன, ஐஎம்ஓ இடம்பெறவில்லை. பெரிய நிறுவனங்கள் வேறு நார்ச்சத்துக்கு மாறின. ஆனால் பிற நாடுகளில் விற்கும் பார்களில் ஐஎம்ஓ இன்னும் தென்படுகிறது. சேர்மானப் பட்டியலின் முதல் இரண்டு மூன்று பெயர்களில் அது இருந்தால் முன்பக்க எண்ணை நம்ப வேண்டாம்.

இனிப்பூட்டிகளில் மால்டிட்டாலுக்கு நேர் எதிர்முனையில் இருப்பது எரித்ரிட்டால். இதில் பெரும்பகுதி குடலிலிருந்து இரத்தத்துக்குள் போய், மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். இரத்தச் சர்க்கரை ஏறாது, கலோரியும் ஏறக்குறைய இல்லை. கீட்டோ பண்டங்களில் இது எங்கும் நிறைந்திருப்பதற்குக் காரணம் அதுதான். ஆனால் 2023-இல் கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டான்லி ஹேசன் குழு வெளியிட்ட ஆய்வு ஒரு கேள்வியை எழுப்பியது. இதய ஆபத்து ஏற்கெனவே உள்ளவர்கள் உட்பட சுமார் 4,000 பேரைத் தொடர்ந்ததில், இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்தன. இதை வைத்து மட்டும் எரித்ரிட்டால்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. நம் உடலே அதைச் சிறிதளவு உற்பத்தி செய்கிறது. வளர்சிதை மாற்றம் கெட்டவர்களிடம் அந்த உற்பத்தி கூடலாம். அதே குழு 2024-இல் ஆரோக்கியமான 20 பேரைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 30 கிராம் எரித்ரிட்டாலும் மறுபாதிக்கு 30 கிராம் குளுக்கோஸும் கொடுத்தது. எரித்ரிட்டால் சாப்பிட்டவர்களின் இரத்தத்தட்டுகள் உறைவதற்கு அதிகம் துடித்தன. குளுக்கோஸ் சாப்பிட்டவர்களிடம் அது காணப்படவில்லை. சிறிய சோதனைதான். ஆனாலும் ஸ்டென்ட் வைத்தவர்களும் பக்கவாதம் வந்து மீண்டவர்களும் எரித்ரிட்டால் நிறைந்த பாரை அன்றாடப் பழக்கமாக்கிக்கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து. கேள்விக்கு விடை வரும்வரை ஒதுங்கியிருப்பதால் அவர்கள் இழப்பது ஒன்றுமில்லை.

வயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். செரிக்காத சர்க்கரை ஆல்கஹாலும் இன்யூலினும் பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கின்றன, அங்குள்ள பாக்டீரியாக்களால் புளித்து வாயுவாகின்றன. உப்புசம், வயிற்றுப் பொருமல், இரண்டு மூன்று பார் சேர்த்துச் சாப்பிட்டால் பேதி. சர்க்கரை ஆல்கஹால் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் பேதி ஏற்படலாம் என்று உறையில் அச்சிட வேண்டும் என ஐரோப்பிய விதியும் இந்திய விதியும் சொல்கின்றன. அந்த வரி பெரும்பாலும் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். குழந்தைகளுக்கு இன்னும் சிறிய அளவு சர்க்கரை ஆல்கஹாலே தொந்தரவு தந்துவிடும். அடிக்கடி வயிறு கெடும் தன்மை உள்ளவர்கள் முதல் தடவை பாதிப் பாரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி உள்ள பாரை அது எட்டாத இடத்தில் வையுங்கள். மனிதருக்குத் தீங்கற்ற அளவே நாயின் உயிருக்கு ஆபத்து.

எடை குறைப்பதற்கு இந்தப் பார் உதவுமா? இங்கே இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் குறைந்த கொழுப்பு உணவும் மறு பகுதிக்குக் குறைந்த மாவுச்சத்து உணவும் ஓராண்டுக்குப் பரிந்துரைத்தது. 2018-இல் வெளியான முடிவில் முதல் பகுதியினர் சராசரியாக 5.3 கிலோவும் அடுத்த பகுதியினர் 6 கிலோவும் குறைந்திருந்தார்கள்; புள்ளியியல்படி இரண்டும் ஒன்றுதான். கவனிக்க வேண்டியது, இரண்டு பகுதியினருக்கும் சொல்லப்பட்ட பொது அறிவுரை: காய்கறி அதிகம் சாப்பிடுங்கள், பதப்படுத்தியதைத் தவிருங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள். லோ கார்ப் உணவுமுறைக்குக் கிடைக்கும் நல்ல பெயரில் பெரும்பங்கு இந்த அறிவுரைக்குப் போக வேண்டியது. உறைக்குள் வரும் பாருக்கு அதில் பங்கு கிடையாது.

அடுத்தது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் செய்தது. 20 பேரை ஆய்வகத்திலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் இயல்பான உணவும் கொடுத்தார்கள். பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம்; எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அந்த ஆய்வு பார்களைப் பற்றியது அல்ல. ஆனால் பிரித்தெடுத்த புரதம், தயாரித்த நார்ச்சத்து, இனிப்பூட்டி, பாம் கெர்னல் எண்ணெய்ப் பூச்சு, மணமூட்டி என்று சேர்ந்த லோ கார்ப் பார் அந்த வகைக்குள்தான் வருகிறது. நாலே கடியில் முடிந்துவிடும் 200 கலோரி வயிற்றை நிரப்பியதாக மூளை பதிவு செய்துகொள்ள நேரம் போதாது. உலகச் சுகாதார நிறுவனமும் 2023 மே மாதம், எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று வழிகாட்டியது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் சர்க்கரை ஆல்கஹால்களுக்கும் அந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில். புதுச்சேரியில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 26 பேருக்கு இந்த நோய். அதே ஆய்வுத் தரவின் 2025 அறிக்கை, இந்தியர்கள் பெறும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. நோய் தணிய அதை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று 2022-இல் கணக்கிட்டபோது வந்த விடை 49 முதல் 54 சதவீதம். கூடவே புரதம் 19, 20 சதவீதத்துக்கு உயர வேண்டும். மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைக்கும் கீட்டோ அளவுக்குப் போகவே தேவையில்லை. இந்தக் குறைப்பு நடக்க வேண்டிய இடம் சோற்றுத் தட்டும் இட்லித் தட்டும். ஒரு கப் சோற்றில் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மதியம் மூன்று கப் சோறு சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு லோ கார்ப் பார் பிரிப்பவரின் கணக்கில் எதுவும் மாறுவதில்லை.

இந்தியத் தயாரிப்புகளில் தனியாகக் கவனிக்க வேண்டியவை இரண்டு. பேரீச்சம்பழ விழுதில் செய்து ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று விற்கும் பார்கள் ஒன்று. அந்த வாசகம் பொய் அல்ல. ஆனால் பேரீச்சம்பழத்தில் 65 முதல் 75 சதவீதம் மாவுச்சத்து. 40 கிராம் பாரில் பாதி பேரீச்சம்பழம் என்றால் அதிலிருந்தே 14 கிராம் வந்துவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின் இரண்டாவது. சட்டப்படி அது சர்க்கரை இல்லை, எனவே சர்க்கரை வரியில் வராது. இரத்தத்திலோ அது குளுக்கோஸ் போல வேகமாக ஏறும். சேர்மானப் பட்டியல் எடை வரிசையில்தான் அச்சாக வேண்டும் என்பது விதி. இந்தப் பெயர்கள் முன்வரிசையில் நின்றால் உறையைத் திரும்ப வைத்துவிடலாம். புரதத்திலும் ஒரு கண் இருக்கட்டும்: கொலாஜனையோ ஜெலட்டினையோ வைத்து எண்ணை உயர்த்தியிருந்தால் அது முழுமையான புரதம் அல்ல, இன்றியமையாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோஃபன் அதில் கிடையாது. மோர்ப் புரதமோ சோயாவோ இருப்பது மேல்.

பாரைத் தவிர்த்தால் வேறு என்ன என்று கேட்பார்கள். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம்: சுமார் 170 கலோரி, 7 கிராமுக்கு மேல் புரதம், நார்ச்சத்து உட்பட மொத்த மாவுச்சத்தே 5 கிராம்தான். எந்தக் கழித்தலும் இல்லாமல் அது லோ கார்ப். அவித்த முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், மாவுச்சத்து ஒரு கிராமுக்கும் கீழே. கொண்டைக்கடலைச் சுண்டல் லோ கார்ப் அல்ல. நூறு கிராமில் 27 கிராம் மாவுச்சத்து உண்டு, ஆனால் அதில் 7 கிராமுக்கு மேல் நார்ச்சத்து, கூடவே கிட்டத்தட்ட 9 கிராம் புரதம். மெல்லவும் நேரம் எடுக்கும், மெதுவாகவே செரிக்கும். சர்க்கரை நோயாளிக்கு அளவோடு நல்ல உணவுதான். கடலைமிட்டாயை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியாது. கோவில்பட்டிக்குப் பெருமை சேர்த்த பண்டமே ஆனாலும் வெல்லப்பாகு வெல்லப்பாகுதான். ஒரு பாரின் விலைக்கு வீட்டில் நாலு பேருக்குச் சுண்டல் செய்யலாம் என்பதையும் குடும்பக் கணக்குப் பார்ப்பவர்கள் மறக்கக் கூடாது.

அப்படியென்றால் பாருக்கு இடமே இல்லையா? இருக்கிறது. இரவுப் பணியில் இருக்கும் செவிலியர், பஸ்ஸிலும் விமானத்திலும் மணிக்கணக்கில் போகிறவர், கேன்டீனில் பப்ஸும் கேக்கும் மட்டுமே கிடைக்கும் அலுவலகத்தில் வேலை செய்பவர் ஆகியோருக்குப் பையில் கெடாமல் கிடக்கும் ஒரு பார் உண்மையிலேயே உதவும். இனிப்பு ஆசையை அடக்க முடியாத சர்க்கரை நோயாளி, ஐந்து மேரி பிஸ்கட்டில் 20 கிராம் மாவுச்சத்து சாப்பிடுவதற்குப் பதில் நல்ல பார் ஒன்றில் பாதியைச் சாப்பிட்டால் அது லாபம். நல்ல பார் என்று நான் சொல்வது, முதல் சேர்மானமாகக் கடலை, பாதாம் போன்ற அடையாளம் தெரியும் பொருள் உள்ளது. மால்டிட்டாலும் ஐஎம்ஓவும் மால்டோடெக்ஸ்ட்ரினும் இல்லாதது. 200 கலோரிக்குள் நிற்பது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் அதிகப் புரதப் பார் எதையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருப்பவர்களுக்கு எந்த லேபிளையும்விட நம்பகமான வழி ஒன்று உண்டு. சாப்பாட்டுக்கு வெகுநேரம் கழித்து, வேறெதுவும் சேர்க்காமல் அந்தப் பாரை மட்டும் சாப்பிடுங்கள். சாப்பிடுவதற்கு முன் ஒரு தடவை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை விரலில் குத்திப் பாருங்கள். கொழுப்பும் புரதமும் சர்க்கரை ஏறுவதைத் தள்ளிப்போடும் என்பதால் மூன்றாவது அளவீட்டை விட்டுவிடாதீர்கள். உங்கள் உடலில் அந்தப் பார் என்ன செய்கிறது என்பது அந்த மூன்று எண்களில் தெரிந்துவிடும்.

கடைசியாக, இன்சுலினோ சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். லோ சுகர் ஆகி வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றும் நேரத்தில் பையில் இருக்கும் லோ கார்ப் பாரை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் தேவைப்படுவது வேகமாக ஏறும் 15 கிராம் குளுக்கோஸ். பாரில் அது கிடையாது. அதிலுள்ள கொழுப்பு, கிடைக்கும் கொஞ்சத்தையும் தாமதப்படுத்தும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அல்லது குளுக்கோஸ் பொடி கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் சோதியுங்கள். பையில் பார் வைத்திருப்பவர்கள் அதன் பக்கத்திலேயே ஒரு சிறிய குளுக்கோஸ் பொட்டலமும் வைத்துக்கொள்ளுங்கள்.